சாப்பிடக் கொடுத்த நிலம்

1

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். முத்தியால்பேட்டையில் என் தம்பி ஆரோக்கியத்தின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் கறுத்த ஆட்கள் சிலர் வெட்டுக்கத்தியோடு ஒரு கூரை வீட்டைச் சுற்றி ஓடினார்கள். யாரோ அனுப்பிய வீடியோ. எந்த நாடு, எந்த வருஷம், ஒரு விவரமும் அதில் இல்லை.

"அக்கா, இது உங்க ஊரா பாரு."

"இல்ல."

"எதுவா இருந்தா இன்னா, எல்லாம் ஒண்ணுதான். காட்டுமிராண்டிப் பசங்க. நீ கெளம்பி வந்துட்டதே நல்லதுன்றேன்."

தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவன். ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகளில் காவலுக்கு நின்றிருக்கிறான். முகாம் வேலிக்கு வெளியே காய்கறி வாங்கக்கூடப் போனதில்லை. நான் போனை வாங்கி அணைத்து அவன் மடியில் போட்டேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு என்ன நாள் என்று அவனுக்குத் தெரியாது. இஸ்ஸாவின் குடியிருப்பு எரிந்து சரியாக ஒரு வருஷம்.

என் பெயர் லூர்துமேரி. ஐவரி கோஸ்டில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சிங்கம் உண்டா, சோறு கிடைக்குமா, தனியா வெளியே போவீங்களா என்று கேட்பார்கள். இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். இந்த முறை சிரிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

2

என் வீட்டுக்காரர் சேவியர் பண்ருட்டிக்காரர். பண்ருட்டியில் உடைக்கிற முந்திரிக்கொட்டை எல்லாம் அங்கேயே காய்த்தது என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதில் கொஞ்சம் கப்பலில் வருவது. அதை அங்கே கிராமம் கிராமமாகப் போய்க் கொள்முதல் செய்கிறவர்களில் சேவியரும் ஒருவர். எனக்கு பிரெஞ்சு தெரியும் என்பதால்தான் துணிந்து போனோம்.

அந்த பிரெஞ்சைப் பற்றியும் சொல்லவேண்டும். புதுச்சேரி கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் கற்றது. ஒரு வார்த்தை அதிகமாக எழுதினால் சிவப்பு மையில் கோடு விழும். போன புதிதில் சந்தையில் தக்காளி விற்கிற பெண்ணிடம் நான் பேசினால் பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் கூடி நின்று கேட்பார்கள். பாதிரியார் பூசை வைக்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

எங்கள் எடைக் கொட்டகை இருந்தது பவுலே மொழி பேசுகிற ஒரு கிராமத்தில். அங்கே ஊர்த் தலைவர் வேறு, நிலத் தலைவர் வேறு. நிலத் தலைவர் பெயர் கோனான். ஒல்லியான கிழவர், காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. யார் எங்கே பயிர் வைக்கலாம், யாருக்கு எந்தப் பக்கம் எல்லை என்று சொல்கிறவர் அவர். விற்க அவருக்கு உரிமை இல்லை. யாருக்குமே இல்லை. நிலம் செத்தவர்களுக்கும் இனிமேல் பிறக்கிறவர்களுக்கும் சொந்தம், நடுவில் இருக்கிற நான் காவல்காரன் என்பார். வெளியூர்க்காரன் வந்து கேட்டால் ஒரு பக்கம் காட்டி உட்காரவைப்பார். அவன் வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் கொஞ்சம் கிழங்கும் ஒரு சேவலும் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அது வாடகை இல்லை. நான் இன்னமும் உன் விருந்தாளிதான் என்று சொல்லிவிட்டுப் போவது. எங்கள் கொட்டகை நின்ற இடமும் அவர் கைத்தடியால் காட்டியதுதான். சேவியரும் சேவல் கொண்டுபோவார்.

இஸ்ஸா வடக்கே எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரன். அவன் அப்பாவைக் கோனான் உட்காரவைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இஸ்ஸா பிறந்தது கோனான் காட்டிய அந்த மண்ணில்தான். கோனானிடம் கேட்டுக்கொண்டுதான் முந்திரி வைத்தான். கிழங்கு என்றால் ஒரு வருஷப் பயிர். மரம் அப்படி இல்லை. மரம் வைத்தவன் கிளம்பமாட்டான் என்று ஊரில் சிலர் அப்போதே முணுமுணுத்தார்கள்.

3

நிலத்துக்கெல்லாம் சர்டிபிகேட் வரப்போகிறது, காகிதம் இல்லாதவன் கதி அதோகதி என்று ஒரு பேச்சு கிளம்பியது. இஸ்ஸா பயந்துபோனான். கோனானைக் கூட்டிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்தான். உள்ளூரில் எழுதத் தெரிந்தவன் ஏதாவது ஒரு பக்கத்து ஆளாக இருப்பான். நான்தான் இரண்டு பக்கமும் இல்லாதவள். கையெழுத்தும் அழகாக இருக்கும். ஏற்கெனவே அந்த ஊரில் ஏழெட்டுப் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கோனான் பவுலேயில் பேசினார். பள்ளிக்கூட வாத்தியார் அதை பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கிழவர் சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை. தன் மாமன் அந்த நிலத்தை எப்படிக் காத்தார் என்று ஆரம்பித்தார். அங்கே சொத்து மகனுக்குப் போகாது, அக்காள் தங்கை மகனுக்குத்தான் போகும். தன் மருமகன் யாவோ அபிஜான் பட்டணத்தில் இருக்கிறான், அவனுக்கு எந்த மரம் எது என்றே தெரியாது என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். வாத்தியார் அதைச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"இந்த நிலத்தை இஸ்ஸாவுக்குச் சாப்பிடக் கொடுக்கிறேன் என்கிறார். அவன் சாப்பிடட்டும், அவன் பிள்ளைகள் சாப்பிடட்டும், எங்கள் பிள்ளைகளுக்குச் சேவல் வந்துகொண்டிருக்கிற வரைக்கும்."

நான் யோசித்தேன். சாப்பிடக் கொடுக்கிறேன் என்றால் பிரெஞ்சில் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி இருக்கிறது. நிலத்துக்கு எப்படி அதை எழுதுவது? சேவலை எழுதினால் படிக்கிற அதிகாரி சிரிப்பான். மூன்று வரி எழுதினேன். கோனான் ஆகிய நான் இந்த நிலத்தை இஸ்ஸாவுக்குக் கொடுக்கிறேன், இதற்கு இன்னார் சாட்சி, அவ்வளவுதான். சுத்தமான பிரெஞ்சு. கன்னியாஸ்திரீகள் இருந்திருந்தால் ஒரு கோடுகூடப் போட்டிருக்கமாட்டார்கள்.

வாத்தியார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கிழவருக்கு பவுலேயில் திருப்பிச் சொல்லும்போது சாப்பாடு, சேவல் எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார். கிழவர் தலையாட்டினார். கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

4

இரண்டு வருஷம் கழித்துக் கோனான் இறந்தார். வாத்தியார் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார், எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. யாவோ அபிஜானிலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே வேலை போய்விட்டிருந்தது. நாற்பது வயது, நல்ல சட்டை, தெளிவாகப் பேசுகிறவன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கோனானின் இடத்தில் இப்போது அவன்தான் நிலத் தலைவன்.

இஸ்ஸா சேவலோடு அவனைப் பார்க்கப் போகவில்லை. காகிதம் இருக்கும்போது எதற்கு என்று நினைத்துவிட்டான். அதை அவன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். "இப்ப நான் விருந்தாளி இல்ல மதாம். நீங்கதான எழுதிக் கொடுத்தீங்க." நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

யாவோ தோப்புக்குப் போய்க் கேட்டான். இஸ்ஸா காகிதத்தைக் காட்டினான். யாவோ படித்துவிட்டு, "இது என் மாமன் பேச்சே இல்ல" என்றானாம். மறுநாள் தன் பெரியம்மா மகனையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடிக்கப் போனான். இஸ்ஸாவின் ஆட்கள் மறித்தார்கள். கைகலப்பில் யாவோவின் அண்ணன்முறைக்காரனுக்குக் கழுத்தில் வெட்டு. ஆஸ்பத்திரி போகிற வழியில் உயிர் போய்விட்டது.

அடுத்த நாள் நடுப்பகலில் ஊரே திரண்டு போனது. அது காய்ந்த காலம். கூரைகள் கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இஸ்ஸாவின் தம்பி அதாமாவை மரத்தடியில் வெட்டிப் போட்டார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது. என்னிடம் இந்திப் படப் பாட்டுக்கெல்லாம் அர்த்தம் கேட்பான். எனக்கும் இந்தி தெரியாது என்றால் நம்பமாட்டான்.

இஸ்ஸாவின் மனைவியும் பெண்களும் குழந்தைகளுமாகப் பதினேழு பேர் எங்கள் கொட்டகைக்குள் ஓடி வந்தார்கள். சேவியர் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். வெளியே கூட்டம் நின்றது. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். எங்களுக்குக் கொட்டை கொண்டுவந்து போடுகிறவர்கள், என் மகள் பிறந்தபோது எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர்கள். அதில் ஒருத்தி கதவைக் கல்லால் இடித்துக்கொண்டே கேட்டாள்.

"பேப்பர் எழுதினவ எங்க? அவள வெளிய வரச் சொல்லு."

நான் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. போலீஸ் வர மூன்று மணி நேரம் ஆனது.

5

சூப்ரெஃபே விசாரணைக்குக் கூப்பிட்டார். சூப்ரெஃபே என்பது நம் ஊர்த் தாசில்தாரைவிடப் பெரிய பதவி, கலெக்டரைவிடச் சின்னது. அவர் என் காகிதத்தை மேஜையில் விரித்தார்.

"கையெழுத்து உங்களதா?"

"ஆமா."

"இறந்தவர் கொடுக்கிறேன்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"அது போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே சேவியர் சொல்லியிருந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நம்ம வந்தது கொட்டை வாங்க. இஸ்ஸா ஏற்கெனவே தம்பிய எழந்துட்டு நிக்கிறான், நீ வேற வாயத் தெறந்து நிலத்தையும் புடுங்காத." இஸ்ஸாவின் மனைவி அப்போதும் எங்கள் கொட்டகையில்தான் படுத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விசாரணைக்குப் போனேன். காகிதம் செல்லும் என்று தீர்ந்தது. போலீஸ் காவலோடு இஸ்ஸா திரும்பப் போய்க் கூரை போட்டான்.

அடுத்த வாரம் யாவோ தனியாக வந்தான். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"என் மாமன் அன்னைக்கு என்ன சொன்னார்னு ஒரு தடவ சொல்லுங்க மதாம். வார்த்தைக்கு வார்த்தை."

"எழுதியிருக்கறதுதான்."

"மூணு வரியா?" என்றான். "அவர் தண்ணி கேக்கறதுக்கே மூணு வரிக்கு மேல பேசுவார்."

அதற்கப்புறம் ஊரில் ஒருவரும் எங்களுக்குக் கொட்டை போடவில்லை. என்னைப் பார்த்தால் பெண்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். என் மகள் மிரேய் அபிஜானில் சட்டம் படிக்கிறாள். தமிழ் புரியும், பேச வராது, பேசவும் விருப்பமில்லை. போனில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"இருபத்தாறு வருஷமா நான் இங்க வெளியாள், வெளியாள்னே சொல்ற. அவங்க நிலத்த எழுதும்போது மட்டும் அது ஞாபகம் வரலையா? எனக்கு இது சொந்த ஊரும்மா. நான் இங்க வக்கீலா நிக்கணும்" என்றாள் பிரெஞ்சில். அவள் பேசியதில் தமிழ் என்றால் அந்த ஒரு அம்மாதான்.

சேவியர் எனக்கு டிக்கெட் எடுத்தார். கொஞ்ச நாள் புதுச்சேரியில் இரு, ஆறட்டும் என்றார்.

6

இங்கே ஒன்றும் ஆறவில்லை. காலையில் மார்க்கெட், பகலில் தம்பியின் டிவி, சாயங்காலம் மாதா கோயில். சர்ச்சில் பார்க்கிறவர்கள் எல்லாரும் தப்பித்து வந்த ஆளாக என்னை நினைத்து இரக்கப்பட்டார்கள். நான் யாரிடமிருந்தும் தப்பித்து வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வீடியோ சண்டைக்கு மூன்றாம் நாள் மீன்காரி அஞ்சலை வந்தாள். அரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் கடலோரத்துக் குப்பம் ஒன்றிலிருந்து கூடையோடு வருகிறவள், என் வயதுதான் இருக்கும். தம்பி அவளிடமும் ஆரம்பித்தான். அக்கா இருந்த ஊரில் பொது நிலத்தை ஒருத்தன் தன் பேருக்கு வாங்கிக்கொண்டானாம், அந்தத் தோப்புக்காகக் குத்திச் சாகிறான்கள், ஆப்பிரிக்காக்காரன் புத்தி என்றான். அஞ்சலை சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"நெலம் ஊர்துதானே? அப்புறம் எப்புடி அவன் பேர்ல ஆச்சு?"

"ஒரு பேப்பர் எழுதினாங்க" என்றேன்.

"யாரு எழுதனது?"

இந்த ஊரில் அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான்தான், கிழவர் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு எழுதினேன் என்று சொன்னேன். அஞ்சலை கத்தியை நிறுத்தவில்லை.

"எங்க குப்பத்துல வல காயப்போடுற மணலு. எங்க அப்பன் காலத்துலேந்து ஊருக்குப் பொது. ஒருத்தன் மோட்டார் ரிப்பேர் பண்ண நெழல் வேணும்னு கேட்டான், பஞ்சாயத்துல குடுத்தாங்க. ஒரு படிச்சவரு எழுதனாரு. இன்னைக்கு அது அவன் ஓட்டலு. மூணு பேரு மண்ட ஒடைஞ்சி, கேசு நடக்குது. எழுதனவரு இப்பவும் எதிர்ல வந்தா வணக்கம் சொல்றாரு." கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டாள். "நீயாவது போய்ச் சொல்லேன். வாய் இருக்குல்ல."

அவள் போனபிறகு தம்பியிடம் சொன்னேன், "இது எந்த நாட்டுக் காட்டுமிராண்டிங்க?" அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

7

தட்டச்சு செய்து, நோட்டரி முத்திரையோடு புது வாக்குமூலம் அனுப்பினால் எடுத்துக்கொள்வதாக சூப்ரெஃபே ஆபீசிலிருந்து தகவல் வந்தது. சேவியர் வழியாகத்தான் கேட்கவேண்டியிருந்தது. கேட்டுச் சொல்லிவிட்டு அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

டவுனில் பென்ஷன்காரர்களுக்கு பிரெஞ்சில் மனு அடித்துத் தருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, ஒரு பழைய கம்ப்யூட்டர். நான் கையால் எழுதியதைக் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மதாம், இது பிரெஞ்சே இல்லையே. சாப்பிடக் கொடுக்கிறேன், அப்புறம் சேவல். அனுபவ பாத்தியதைன்னு சட்டத்துல ஒரு நல்ல வார்த்தை இருக்கு. அத போட்டுடறேன், கௌரவமா இருக்கும்."

"வேணாங்க. அப்படியே அடிங்க."

"படிக்கறவன் என்ன நெனைப்பான்? என் பேருக்கும் கெட்ட பேரு."

"உங்க பேர் அதுல வராது. என் பேர்தான் வரும்."

முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். நடுவில் இரண்டு இடத்தில் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தார். இரண்டையும் திருத்தவைத்தேன். கோனானின் மாமன் கதையிலிருந்து சேவல்வரை ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில், இதை அன்றைக்கே தெரிந்தும் நான் விட்டுவிட்டேன், விசாரணையிலும் மறைத்தேன் என்று இரண்டு வரி. கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பினேன்.

8

ஒன்றரை மாதத்தில் தீர்ப்பு வந்தது. காகிதம் செல்லாது. நிலம் கோனான் குடும்பத்துக்கு. இஸ்ஸா இரண்டு பருவம் காய் பறித்துக்கொண்டு காலி செய்யவேண்டும்.

நான் இதற்காகவா எழுதினேன்? இஸ்ஸா சாப்பிடட்டும் என்று கிழவர் சொன்னதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அந்த ஆபீசின் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: கொடுத்தது, கொடுக்காதது. முதல் முறை ஒன்றில் விழுந்தது, இப்போது இன்னொன்றில். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்டால் முதலில் என்மேல்தான்.

நேற்று மதியம் இஸ்ஸா கூப்பிட்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"மதாம், அதாமாவ நாங்க தோப்புலதான் பொதைச்சிருக்கோம். மூணாவது வரிசையில. அவன நான் எங்க எடுத்துக்கிட்டுப் போறது?"

எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாவோவிடம் பேசுகிறேன் என்றேன். நீங்க பேச வேணாம் என்றான். ஆனாலும் போனை வைத்துவிட்டு யாவோவைக் கூப்பிட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"செத்தவன நாங்க வெரட்டமாட்டோம்," என்றான். "அவன் எங்க இருக்கானோ அங்கேயே இருக்கட்டும். மரத்தையும் வெட்டமாட்டேன். என் அண்ணன அவனுங்க வெட்டினாங்க, அத நான் மறக்கல. ஆனா இஸ்ஸா தம்பியப் பாக்க வரணும்னா வரலாம். என் வீட்டுக்கு வந்து என்னக் கேட்டுட்டுத்தான் போகணும்."

"கேட்டா விடுவியா?"

"கேக்கட்டும்."

போனை வைத்துவிட்டான். உடனே இஸ்ஸாவைக் கூப்பிட்டு, யாவோ சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கோழி கத்தியதை மட்டும்தான் விட்டேன். இஸ்ஸா முழுவதையும் கேட்டான். நான் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"எழுதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டான்.